யார் இறங்கி வர வேண்டும்?

வீட்டில் மனஸ்தாபம் வந்தால் நம் பெரியவர்கள் சொல்கிற முதல் வார்த்தை, "நீ கொஞ்சம் இறங்கிப் போயேன்." இதை யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வயதில் சின்னவரிடம். பல நேரம், மனசு காயப்பட்டு நிற்பவரிடமே. இது சரிதானா? இந்தக் கேள்வியை என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது மீன் தொட்டியில் விழுந்த ஒரு கீறல்.

எங்கள் வீட்டு ஹாலில் நான்கு அடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அப்பாவுக்கு அது உயிர். பதின்மூன்று வயதுத் தம்பி ஒரு சனிக்கிழமை, யாரும் சொல்லாமலேயே, காந்தத் துடைப்பானை எடுத்துப் பாசியைத் துடைக்க ஆரம்பித்தான். துடைப்பானுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டது. மோஸ் அளவுகோலில் கண்ணாடியின் கடினம் ஏறக்குறைய 5.5. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. ஒரே இழுப்புதான், உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது.

"உன்னை நம்பி ஒரு வேலையும் கொடுக்க முடியாதுடா" என்றார் அப்பா. அன்றிலிருந்து தம்பி தொட்டிப் பக்கமே போகவில்லை. தினமும் தீனி போட்டுக்கொண்டிருந்தவன் அதையும் விட்டுவிட்டான். ஆக, வீட்டில் இரண்டு கீறல். என்னைச் சரிபண்ணச் சொன்னது ஒன்றை மட்டும்தான்: "இன்ஜினியருக்குத்தானே படிக்கிற, பாரு."

கண்ணாடியை எப்படிச் சரிசெய்கிறார்கள்? பற்பசை தேய்த்தால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். பல பற்பசைகளில் இருக்கும் கால்சியம் கார்பனேட் தூளின் கடினம் 3தான். கண்ணாடியை அது ஒன்றும் செய்யாது. இதற்குப் பயன்படுவது சீரியம் ஆக்ஸைடு என்ற தூள். தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் பட்டையால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு டிரில்லை வேகமாக ஓட்டினால் சூடேறிக் கண்ணாடியே விரிசல் விடும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கீறல் என்பது ஒரு பள்ளம். தேய்க்கும்போது அந்தப் பள்ளம் நிரம்புவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் நல்ல கண்ணாடிதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறங்கி வருகிறது. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் கீறல் மறைகிறது.

பள்ளத்தை "நீ இறங்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அது ஏற்கனவே கீழேதான் இருக்கிறது. இறங்க வேண்டியது மேலே இருப்பவர்கள். காயப்பட்ட சின்னவனையே "நீ இறங்கிப் போ" என்று அனுப்பும்போது நாம் இன்னும் ஆழமாகத்தான் தோண்டுகிறோம் என்று நான் நினைக்கிறேன்.

"ஒரு வார்த்தைதானே, இதுக்குப் போயா?" என்று நீங்கள் கேட்கலாம். கண்ணாடிக் கடையில் பாருங்கள். கண்ணாடியை அறுப்பதில்லை, மேலே ஒரு கோடு கீறி, லேசாக அழுத்தி உடைக்கிறார்கள். கண்ணாடி ஏன் இவ்வளவு சுலபமாக உடைகிறது என்பதை கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921இல் வெளிவந்த தம் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்களின் முனையில் சுமை குவிகிறது. உடைசல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் தொட்டியில் இருப்பது ஏறக்குறைய 240 கிலோ தண்ணீர். குடும்பத்துக்கும் தினசரிச் சுமை உண்டு. அது எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை. எங்கே ஏற்கனவே கீறல் இருக்கிறதோ அங்கே அதிகமாக விழுகிறது.

சரி, பெரியவர் இறங்கினால் மரியாதை என்ன ஆவது? மெருகு போட்ட கண்ணாடி இழப்பது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பார்ப்பவர் யாருக்கும் அது தேய்ந்ததே தெரியாது. தெளிவாக இருப்பது மட்டும்தான் தெரியும்.

ஆனால் எல்லாக் கீறலையும் இப்படிப் போக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது தட்டினால் அது ஆழமான கீறல். அந்த ஆழம்வரை தேய்த்தால் அந்த இடம் குழிந்து, லென்ஸ் மாதிரி ஆகி, பின்னால் நீந்தும் மீன் கோணலாகத் தெரியும். எங்கள் தொட்டியில் நகம் தட்டியது. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டோம். சில காயங்களும் அப்படித்தான். "எல்லாத்தையும் மறந்துடு" என்று வற்புறுத்துவதைவிட, அதே இடத்தில் மறுபடியும் மணல் உராயாமல் பார்த்துக்கொள்வதுதான் நாம் செய்யக்கூடியது.

இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் மாற்றும் நாளில் அப்பா, "டேய், வந்து டியூப்பைப் பிடி" என்று தம்பியைக் கூப்பிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. ஆனால் பறித்த வேலையை அவரே திருப்பிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. தம்பி வந்தான், பிடித்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்பவும் துடைப்பானைத் தொடுவதற்கு முன் அவன் அப்பா முகத்தை ஒருமுறை பார்க்கிறான்.

நண்பர்களே, நம் பெற்றோரை "நீங்க இறங்கி வாங்க" என்று நாம் கட்டளையிட முடியாது. ஆனால் நாமும் எங்கேயோ ஒரு இடத்தில் பெரியவர்தான். வீட்டில் அண்ணன், அக்கா. கல்லூரியில் சீனியர். மன்றத்தில் செயலவை உறுப்பினர். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நாம் அதட்டிய ஒரு தம்பியோ தங்கையோ அடுத்த வாரம் வராமல் இருந்தால், "அவங்களா வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். நாமே போன் பண்ணுவோம். போன முறை கொடுத்த வேலையையே மறுபடியும் அவர்கள் கையில் கொடுப்போம். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.