மறைக்காட்டு எலியும் என் கடை எலியும்

ஆண்டிபட்டியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவனுக்கு எலி, வாடகை தராத குடித்தனக்காரன். கம்பும் சோளமும் பொட்டுக்கடலையும் மூட்டை மூட்டையாய் இருக்கிற இடத்தை விட்டு அது எங்கே போகும்? பொறியில் ஒன்று மாட்டினால் மாமா பதறுவார்: “அடிச்சுக் கொன்னுறாத மாப்ள. கோயில் நெய்யத் திங்க வந்த எலியே சக்கரவர்த்தியாப் பொறந்துச்சு. ஓடைப்பக்கம் விட்டுட்டு வா.”

மாமா தேவாரம் பாடுகிறவர். அவர் சொல்வது திருமறைக்காட்டுக் கதை. வேதாரண்யம் கோயில் விளக்கில் நெய் குடிக்க வந்த எலியின் மூக்கைச் சுடர் சுட்டது. அது துள்ளியதில் திரி தூண்டப்பட்டு, மங்கிய விளக்கு நின்று எரிந்தது. அந்தப் புண்ணியத்துக்குச் சிவன் அதை மறுபிறப்பில் மாபலியாக்கினார். அப்பரே திருக்குறுக்கைப் பதிகத்தில் இதைப் பாடியிருக்கிறார்.

எனக்குப் பிடித்த கதைதான். ஆனால் மாமா விட்ட இடத்திலிருந்து கேள்வி கிளம்புகிறது. நினைக்காமல் செய்ததற்குப் புண்ணியம் உண்டென்றால், நினைக்காமல் செய்ததற்குப் பாவமும் உண்டா?

போன ஐப்பசி மழையில் எங்கள் சந்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மூட்டை இறக்க வரும் அண்ணன் செருப்பு போடமாட்டார். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, ஒவ்வொன்றிலும் சேறு அப்பியிருக்கும். சில நாளில் காய்ச்சல், கெண்டைக்காலைத் தொட்டால் அலறுகிறார், கண் மஞ்சளாகிவிட்டது. க.விலக்கு ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். பிழைத்துவிட்டார்.

அந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஓடியாடித் தின்று, போகிற வழியெல்லாம் மூத்திரம் விட்டுப் போகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் கிருமி வாரக்கணக்கில் காத்திருந்து, வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. மறைக்காட்டு எலிக்கு விளக்கைத் தூண்டுவது தெரியாது. என் கடை எலிக்கும் ஒன்றும் தெரியாது. இந்த வரிசையில் தெரிந்தவன் ஒருவன்தான், கல்லாவில் உட்கார்ந்திருப்பவன்.

“அப்ப எல்லாத்தையும் கொன்னுருவோமா?” என்பார் மாமா. அதற்கும் நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பிளேக் விட்டுப் போகாத இடம். அதை ஆராய்ந்து ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் எழுதியது 1934-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது. முகட்டிலிருந்து எலி செத்து விழுந்தால் சட்டிபானையோடு தோட்டத்துக்குப் போய்க் குடிசை போடுவார்கள் என்று அப்பத்தா சொல்லும். அதற்குக் காரணம் தெள்ளுப்பூச்சி. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டிறங்கி அடுத்த சூட்டைத் தேடும். வேறு எலி கிடைக்காவிட்டால் மனுசச் சூடு. சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-ல் கராச்சியில் இதைக் கண்டுபிடித்தார். பிளேக் உள்ள ஊரில் தெள்ளுக்கு மருந்தடிக்காமல் எலியை மட்டும் கொன்றால் நோயை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

ஆக, கொல்வதா விடுவதா என்பது பொறி விழுந்த பிறகு வருகிற கேள்வி. அதற்குள் நான் செய்ய வேண்டியது முக்கால்வாசி தப்பிப் போயிருக்கும். கொல்லாமை எனக்கு இப்போது சாயங்கால வேலை: சிந்தின தானியத்தைக் கூட்டி அள்ளுவது, மூட்டையைச் சுவரை விட்டுத் தள்ளிக் கட்டை மேல் அடுக்குவது, கதவடி இடுக்கில் தகரம் அடிப்பது. தீனி இல்லாத இடத்தில் குட்டி குறைவு. கொல்ல வேண்டியதும் குறைவு. சமணத் துறவி மயிற்பீலியால் தரையைத் தடவிவிட்டு உட்காருவதை இந்தக் கணக்கில்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

அப்படியும் மாட்டுகிற எலியைக் கொல்கிறேன். மாமாவுக்கு வருத்தம். ஓடையில் விட்டால் என்ன கெட்டுப்போகும் என்கிறார். மூட்டை இறக்கும் அண்ணன் வீடு ஓடைக்கரையில்தான் இருக்கிறது. ஜீவகாருண்யம் எனக்கு, எலி அவருக்கு என்று பங்கு பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.