காதைக் குத்துவதா, கிளிப் தோடு போதுமா?

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது என் தங்கையும் அவளுடைய இளைய மகளும் திண்ணையில் காத்திருந்தார்கள். மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண் பார்ப்பதாக ஏற்பாடு. தங்கையின் கையில் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதில் ஒரு ஜோடித் தோடு. பின்புறம் திருகாணி கிடையாது. காது மடலைக் கவ்விக் கொள்ளும் கிளிப்தான் இருந்தது.

இந்தப் பிள்ளைக்குக் காது குத்தவில்லை. காரணம் உண்டு. இவளுடைய அக்காளுக்குப் பத்து வயதில் குத்தினார்கள். புண் ஆறியது போல் ஆறி, அந்த இடத்தில் தசை தடித்துக் கொட்டைப் பாக்கு அளவுக்கு வளர்ந்துவிட்டது. அறுத்து எடுத்தார்கள், மறுபடியும் வளர்ந்தது. கெலாய்டு என்று அதற்குப் பெயர் சொன்ன மருத்துவர், இது குடும்பத்தில் தொடர்ந்து வரக் கூடியது, வெறுமனே அறுத்தால் திரும்ப வருவதுண்டு, இளையவளின் காதில் ஊசி வைக்காதீர்கள் என்று எச்சரித்து அனுப்பினார். அதோடு தங்கை அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். இப்போது சம்பந்தம் வந்ததும் பயம் பிடித்துக் கொண்டது.

"காக்கா, இது ஆகாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. காது மூளியா இருந்தா என்னமோ குறைன்னு நினைப்பாங்க" என்றாள் தங்கை.

பிள்ளை கேட்டதோ வேறு. "மாமா, குத்தின காதுன்னு அவங்க நம்பணும்னுதானே உம்மா இதை வாங்கியிருக்காங்க. அது பொய்தானே? பொய்யோட போறதுக்குப் பதிலா, வலிச்சாலும் வளர்ந்தாலும் குத்தியே விட்டுடலாமா?"

கேள்வி சிறியது போல் தெரிகிறது. ஆனால் ஓர் உடலுக்கு நேரும் தீங்கும் ஒரு நாவுக்கு நேரும் தீங்கும் அதில் எதிரெதிரே நிற்கின்றன. அன்றிரவு கிதாபுகளை எடுத்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தேன்.

காது குத்துவது நம் வீடுகளில் கேள்விக்கே இடமில்லாத காரியமாக இருந்து வந்திருக்கிறது. நம் பாட்டிமார்கள் காது மடலின் ஓரம் முழுதும் வரிசையாகத் துளையிட்டு அலுக்கத்து அணிந்தவர்கள். ஆனால் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (வஃபாத் ஹிஜ்ரி 505) தம் இஹ்யாவில் இதைப் பற்றி எழுதியிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தங்க வளையம் தொங்கவிடுவதற்காகச் சிறுமியின் காதைத் துளைக்க அனுமதி இருப்பதாகத் தமக்குத் தெரியவில்லை என்கிறார்கள் இமாமவர்கள். அது வலி தரும் காயம். இரத்தம் குத்தி எடுப்பது, கத்னா போன்ற முக்கியத் தேவைக்கல்லாமல் காயப்படுத்தக் கூடாது. காதணி அத்தகைய தேவையன்று. வழக்கத்தில் இருந்தாலும் அது ஹராம், குத்துபவன் வாங்கும் கூலியும் ஹராம் என்பது வரை போகிறார்கள். அதே மூச்சில், துளையிடாமல் காதில் மாட்டித் தொங்கவிடுவதும் கழுத்து நகையும் காப்பும் போதுமே என்றும் சொல்கிறார்கள். கிளிப் தோட்டுக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இடம் வைத்துவிட்டார்கள் என்று எண்ணிச் சிரித்துக் கொண்டேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. என் பெண் மக்களுக்குக் கைக்குழந்தையிலேயே காது குத்தியவன் நான். பத்தர் தங்கக் கம்பியோடு வந்து உட்கார, பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்தது இந்தக் கைகள்தாம். வெற்றிலை பாக்கோடு கூலியும் கொடுத்தேன். அந்த அழுகை யாருடைய ஆசைக்காக என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆயினும் இமாமவர்கள் அங்கே ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஹதீஸ் வழியாக அனுமதி உறுதியானால் தவிர. இதுவரை எமக்கு அப்படி எட்டவில்லை என்பது அவர்கள் வாசகத்தின் கருத்து. பேரறிஞர் ஒருவரின் பணிவு இது. பின்வந்தவர்கள் அந்த வாசல் வழியேதான் நுழைந்தார்கள். பெருநாள் தொழுகைக்குப் பின் பெருமானார் (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களுடன் பெண்களிடம் வந்து தர்மம் செய்யத் தூண்டியபோது, அப்பெண்கள் தம் காதணிகளைக் கழற்றிப் போட்டதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள், புகாரியில் உள்ளது. காதணியைக் கண்டும் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. ஆகவே பெண் மக்களுக்குக் குத்துவது ஆகும் என்று ஹனஃபி கிதாபுகளும், ஷாஃபிஈ இமாம்களில் பின்வந்த பலரும் கூறுகின்றனர். நம் வீடுகளின் நடைமுறை இதன் மீதுதான் நிற்கிறது. (ஆண் பிள்ளைகளுக்குக் குத்துவதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை.)

புகாரிக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் இந்த ஆதாரத்தையும் சும்மா விடவில்லை. காதணி என்றால் துளையில்தான் மாட்டியிருக்க வேண்டுமா? மெல்லிய சங்கிலியால் தலையில் கோத்துக் காதருகே தொங்கவும் விட்டிருக்கலாமே என்கிறார்கள். நம் பெண்கள் அணியும் மாட்டலைக் கண்ணால் கண்டவர்கள் போல் எழுதியிருக்கிறார்கள்!

ஆக, குத்துவது ஆகும் என்போரின் சொல்லை நாம் ஏற்றாலும், அது ஆகுமானது என்ற அளவில்தான் நிற்கும். பர்ளுமல்ல, சுன்னத்துமல்ல. குத்தாதவள் மார்க்கத்தில் எதையும் இழந்துவிடவில்லை. இந்தப் பிள்ளையைப் போல், குத்தினால் தீங்கு வரும் என்று மருத்துவர் எச்சரித்த இடத்திலோ அந்த அனுமதியும் பலவீனப்பட்டுவிடுகிறது. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்கு உள்ளாகவும் கூடாது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த விதியல்லவா? மாப்பிள்ளை வீட்டாரின் பார்வைக்காக அதை மீற முடியாது.

இனி, பொய்யின் விஷயம். முதலில் என்னைத் தடுமாற வைத்தது ஒட்டு முடி பற்றிய ஹதீஸ். நோயால் மகளுக்கு முடி உதிர்ந்துவிட்டது, கலியாணமும் வந்துவிட்டது, வேறு முடியை இணைக்கலாமா என்று ஒரு தாய் கேட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. தாய், மகள், கலியாணம் என்று என் தங்கையின் கதை போலவே இருக்கிறதே என்று நெஞ்சு திடுக்கிட்டது. ஊன்றி யோசித்தபோது வேறுபாடு விளங்கியது. ஒட்டு முடி, தான் அவளுடைய முடி என்று சொல்கிறது. தோடு, தான் அவளுடைய காது என்று சொல்வதில்லை. நகை வெளியிலிருந்து அணியப்படுவது என்பது பார்ப்பவர் அனைவருக்கும் தெரியும். அது திருகாணியில் நிற்கிறதா கிளிப்பில் நிற்கிறதா என்பது பொய்யும் அல்ல, மெய்யும் அல்ல.

அப்படியானால் பொய்யே இல்லையா? இருக்கிறது, அது பெட்டிக்குள் இல்லை, என் தங்கையின் எண்ணத்தில் இருந்தது. குத்தாத காது ஒரு குறையல்ல, வலியச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. ஆனால் அவர்கள் தவறாக நம்ப வேண்டும் என்றே ஒன்றைச் செய்தால், மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பி அடியில் நனைந்ததை வைத்த வியாபாரியின் காரியத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம். கவரிங் நகையைப் பவுன் என்று காட்டுவதும் இந்த வகைதான். தங்கையிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் வாடியது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

குளிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. குத்திய காதில் துளை திறந்திருந்தால், பர்ளான குளிப்பில் அதன் வெளித்தெரியும் பகுதிக்குத் தண்ணீர் சேர வேண்டும். இறுக்கமான தோடானால் அசைத்துவிட வேண்டும். கிளிப்பைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது. இப்போது கடைகளில் விற்கும் ஒட்டுத் தோட்டில்தான் கவனம் தேவை. பசை காதில் படிந்திருந்தால் தண்ணீர் தோலைத் தொடாது. அதைச் சுரண்டி எடுத்த பிறகே குளிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பிள்ளை அந்தத் தோட்டையே அணிந்து கொண்டாள். மாப்பிள்ளையின் தாயார் பக்கத்தில் உட்கார வைத்து முக்காட்டை ஒதுக்கிப் பார்த்தபோது, "மாமி, எனக்குக் காது குத்தலை. இது கிளிப்" என்று தானே சொல்லிவிட்டாளாம். அக்காளின் காதையும் அழைத்துக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஜிமிக்கி செய்யக் கொடுத்தாச்சேம்மா" என்று மட்டும் சொன்னார்களாம்.

நிக்காஹ் ஷவ்வாலில் முடிந்தது. ஜிமிக்கியின் எடையை வெறும் கிளிப் தாங்காது, காது வலிக்கும் என்று பத்தர் சொல்லி, பாரம் கூந்தலில் இறங்கும்படி மாட்டல் சங்கிலி வைத்து மாற்றிக் கொடுத்தார். கூடுதல் கூலியை எந்த வீட்டார் கொடுப்பது என்ற பேச்சு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.