தீயும் சீலமும்

கொல்லாமை பஞ்சசீலத்துள் முதலாவது. அங்ஙனமாயின், காட்டிற்குத் தீயிடுபவன் அச்சீலத்தை மீறியவன் ஆவானா? ஆவான் என்றே யானும் பல கூட்டங்களில் பேசியதுண்டு. அது முழு உண்மையன்று என்பதை இங்கு உரைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

கர்நாடகத்தில் சாமராஜநகரைச் சார்ந்த பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். வறட்சியின் தொடக்கத்திலேயே, உதிர்ந்த சருகுக்குச் சிறுதீ வைப்பது அவர்தம் முன்னோர் வழக்கம். ‘தரகு பெங்கி’, அதாவது சருகுத்தீ, என்பது அதன் பெயர். அது தரையோடு தாழ்ந்து சென்று அவியும். பெருமரங்களுக்குப் பெரிதும் ஊறு செய்யாது. பின்னர்ப் புதுப்புல் தளிர்க்கும்.

1974ஆம் ஆண்டு அக்காடு வனவிலங்குச் சரணாலயமாயிற்று, அவ்வழக்கமும் தடுக்கப்பட்டது. நாளடைவில், அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த உண்ணிச்செடி எங்கும் புதராய் மண்டியது. நெல்லி மரங்களைப் புல்லுருவி பற்றியது. சிறுதீ நின்றதே இவற்றுக்குக் காரணம் என்பர் சோளகர். குவிந்த சருகில் கடுங்கோடையில் பற்றும் தீயோ, அப்புதர் வழியே மரக்கிளை வரை ஏறுகின்றது. பஞ்சாலையில் உழைத்தோர் இதனை எளிதில் உணர்வர். இயந்திரத்தடியில் படியும் பஞ்சுத் துகளை நாள்தோறும் கூட்டாவிடில், ஆலையை எரிக்க ஒரு பொறி போதும்.

இதில் பகவன் நெறி யாது? விநய பிடகத்துச் சுல்லவக்கத்தில் ஒரு செய்தி உண்டு. பிக்குகள் சிலர் காட்டைக் கொளுத்தினர். அது குற்றமெனப் பகவன் விலக்கினார். பின்னர், விகாரங்களைச் சுற்றிப் புல் மண்டியிருக்க, காட்டுத்தீ அவற்றை எரித்தது. அப்போது எதிர்த்தீ இட்டுக் காத்துக்கொள்ள அவரே அனுமதித்தார். அழிக்க இட்ட தீயை விலக்கியவர், காக்க இடும் தீயை ஏற்றார். சேதனையே கன்மம் என்பதன்றோ அவர் போதனை?

ஆயினும் சிறுதீயில் எறும்பும் புழுவும் மாளாவோ? மாளும். இல்லையெனின் பொய்யாமையாகிய நான்காம் சீலம் கெடும். ஆதலின் நல்ல நோக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். எந்நாள், எவ்விடம், எக்காற்று என்று தலைமுறை தலைமுறையாய்க் கற்ற கை இடும் தீ வேறு. அசட்டையாய் எறியும் தீ வேறு. அவ்வறிவைத் தடுத்துவிட்டு, ‘யாம் கொல்லோம்’ என்று கைகட்டி நிற்போர்க்கும் பின்வரும் பெருந்தீயில் பங்குண்டு.

2011ஆம் ஆண்டு, வனவுரிமைச் சட்டத்தின்படி அம்மலைச் சோளகரின் சமூக உரிமைகள் ஏற்கப்பட்டன. எனினும் அவர் கைத்தீயைக் குற்றமெனக் காணும் கண் நம்மிடையே இன்னும் மாறவில்லை.

அன்பர்களே! ஒருவனைப் பாவியென்று சொல்லுமுன் அவன் செயலின் காரணத்தை அவனிடமே கேட்டறிதல் நம் கடன். யான் கேளாது பேசினேன்; இனி அங்ஙனம் பேசேன்.