ஓநாயின் வழக்கு

பாலபாடப் புத்தகத்தில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஓடைக்கரையில் சந்தித்த நாளிலிருந்து ஓநாய் நமக்குக் குற்றவாளி. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் சௌகரியம். வில்லனைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் ஐல் ராயல் தீவின் சரித்திரத்தைப் படித்த பிறகு அந்த வழக்கை மறுபடி விசாரிக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது.

அமெரிக்காவில், கடல் போன்ற சுப்பீரியர் ஏரியின் நடுவே 45 மைல் நீளத்துக்குக் கிடக்கும் காட்டுத் தீவு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மூஸ் என்னும் மான் இனம் வந்து சேர்ந்தது. மான் என்றதும் சகுந்தலையின் ஆசிரமத்து மானை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது குதிரையைவிட உயரமான பிராணி. தின்னத் தழை ஏராளம், துரத்த ஒருவருமில்லை. சொர்க்கம் என்றால் வேறென்ன? ஆனால் 1930-களில் அந்தச் சொர்க்கத்தில் மான்கள் எட்டியமட்டும் மரங்களை மொட்டையடித்துவிட்டுப் பட்டினியால் மடிந்து விழுந்தன. யாரும் யாரையும் கொல்லாத இடத்தில்தான் அத்தனை பிணங்கள்!

1940-களின் இறுதியில் ஏரி உறைந்தபோது சில ஓநாய்கள் பனிக்கட்டியின் மேல் நடந்தே தீவுக்கு வந்துவிட்டன. 1958-இல் பர்டியூ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டர்வர்ட் ஆலன் இரண்டு இனங்களையும் ஆண்டுதோறும் எண்ணத் தொடங்கினார். அந்தக் கணக்கு இன்னும் நடக்கிறது. அவருடைய மாணவர் டேவிட் மெச் விமானத்திலிருந்து வேட்டைகளைப் பார்த்துக் குறித்தார். ஓநாய்கள் எதிர்த்துப் பார்த்த மான்களில் நூற்றுக்கு எட்டைக்கூட அவற்றால் கொல்ல முடியவில்லை. நின்று முறைக்கிற மானை விட்டுவிட்டுப் போய்விடும். அகப்பட்டவை பெரும்பாலும் குட்டிகள், கிழங்கள், நோயாளிகள்.

‘இயற்கையின் நீதி பார்த்தீர்களா?’ என்று இந்த இடத்தில் சிலர் பரவசப்படுவார்கள். எனக்கு அது ருசிப்பதில்லை. கிழவனும் குழந்தையும் முதலில் சாவதற்கு நீதி என்று பெயர் வைக்க எனக்கு நாக் கூசுகிறது.

விஞ்ஞானிகள் காட்டில் கிடந்த மான் எலும்புகளை வருஷக்கணக்காகப் பொறுக்கிச் சேர்த்தார்கள். பல எலும்புகளில் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. அந்த மூட்டு வாதத்துக்கும், குட்டிப் பருவத்தில் வயிறாரக் கிடைக்காமல் போனதற்கும் சம்பந்தமிருப்பதாகத் தெரிய வந்தது. பஞ்சகாலத்தில் பிறந்த குட்டி, எப்படியோ தப்பி வளர்ந்து, பத்து வருஷம் கழித்து நொண்டுகிறது, ஓநாய் வருகிறது. கொன்றது ஓநாயா, அந்தப் பழைய பசியா? பசியைக் கூண்டிலேற்ற நம்மிடம் சட்டம் இல்லை.

ஓநாயும் தப்பவில்லை. 1980-இல் 50 ஆக இருந்தவை 1982-இல் 14 ஆகிவிட்டன. யாரோ தீவுக்குக் கொண்டுவந்த வீட்டு நாயிடமிருந்து தொற்றிய பார்வோ வைரஸ் காரணம் என்கிறார்கள். துரத்துவோர் குறையவே மான்கள் பெருகி 1995-இல் சுமார் 2400 ஆயின. அடுத்த குளிர்காலம் கொடுமையானது. பட்டினியும் உண்ணியும் சேர்ந்து ஐந்நூறு சொச்சத்தைத்தான் மிச்சம் வைத்தன. சமநிலை, சமநிலை என்கிறோமே, அது செட்டியார் கடைத் தராசு போல ஆடாமல் நிற்கிற காரியமல்ல. ஒரு பக்கம் ஏறிச் சாகும், மறுபக்கம் இறங்கிச் சாகும். எதுவும் அடியோடு அழிந்துபோகாதவரை அதற்குச் சமநிலை என்று பெயர்.

அழிந்துபோகும் நிலையும் வந்தது. முன்பெல்லாம் பெரும்பாலான குளிர்காலங்களில் ஏரியில் பனிப்பாலம் உறையும். வெளி ஓநாய் வரலாம். உலகம் சூடேறியதில் பாலம் அபூர்வமாகிவிட்டது. 1997-இல் கனடாவிலிருந்து ஓர் ஆண் ஓநாய் நடந்து வந்து புது ரத்தம் கொடுத்தது. பிறகு சொந்தத்துக்குள்ளேயே கலந்து கலந்து இனம் நொடித்தது. 2016-இல் மிஞ்சியவை இரண்டே இரண்டு, தகப்பனும் மகளும். தாய்வழியில் பார்த்தால் அண்ணனும் தங்கையும்கூட! இப்படி ஓர் உறவை நான் நாவலில் எழுதினால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

மனிதன் தலையிடலாமா என்று பெரிய விவாதம் கிளம்பியது. வனம் தன் வழியே போகட்டும் என்றது ஒரு கட்சி. நாயைக் கொண்டுவந்ததும், பனிப்பாலம் உறையாமல் செய்ததும் யாருடைய கை என்று கேட்டது மற்றொன்று. என் மனம் இரண்டாவது கட்சியோடுதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் உறுத்துகிறது. ஜீவகாருண்யம் பேசி வளர்ந்த நான், உயிரோடு மானைக் கிழிக்கப்போகும் பல்லுக்குக் கை தூக்குகிறேன். பட்டினி மெல்லக் கொல்லும், ஓநாய் சீக்கிரம் கொல்லும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் முழு உண்மையல்ல, ஓநாய் சில சமயம் நாள்கணக்கில் கொல்லும்.

2018, 2019 ஆண்டுகளில் 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 2019-இல் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்த மான்கள் 2024 கணக்கில் சுமார் 840. ஓநாய்கள் 30. தின்று தீர்க்கப்பட்டுவந்த ஊசியிலைக் கன்றுகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது.

அந்தத் தகப்பன் ஓநாய்? 2019 இலையுதிர் காலத்தில் அதன் உடலைக் கண்டெடுத்தார்கள். உடம்பில் இருந்தவை வேறு ஓநாய்களின் பற்காயங்கள்.