அளவுகோலைத் திருத்துதல்

பழுதான பொருளைத் திருத்துவது நல்ல காரியம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் 'திருத்தியாயிற்று' என்று சொல்லும் உரிமை எப்போது வருகிறது? மின்னணு உறுப்புகளைப் பரிசோதிக்கும் கையடக்கக் கருவிகளை மானிப்பாயில் என் வீட்டு மேசையில் வைத்துத் திருத்திவருகிறேன். இந்தக் கேள்வி அந்த மேசையில் பிறந்தது.

1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். திருத்திய வானொலிக்குச் சாட்சி தேவையில்லை. பாடினால் அது திருந்திவிட்டது. சோதனைக் கருவி அப்படியல்ல; பிழையாக இருந்தாலும் ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இன்று மலிவாகக் கிடைக்கும் இக்கருவிகளிற் பல, ஜெர்மனியில் மார்குஸ் ஃப்ரெயெக் உருவாக்கி, பின்னர் கார்ல்-ஹைன்ஸ் கியூபெலர் வளர்த்தெடுத்த வடிவமைப்பின் வழிவந்தவை. நடுவே ஒரு சில்லு, சோதிக்க மூன்று முனைகள், முனை ஒவ்வொன்றுக்கும் 680 ஓம், 470 கிலோ ஓம் என இரண்டு தடையிகள். திரான்சிற்றரையோ கொள்ளளவியையோ மாட்டினால் அது இன்னதென்று சொல்லிவிடும். மின்னேற்றம் இருக்கும் கொள்ளளவியை மின்னிறக்கம் செய்யாமல் மாட்டினால் சில்லு எரிந்துபோகும். அது நேர்மையான சாவு. கருவி வேலை செய்யாது, யாரும் ஏமாறுவதில்லை.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. அந்த 680 ஓம் தடையிகள் 748 ஓமாக மாறிவிட்டால், 100 ஓம் தடையியைக் கருவி ஏறக்குறைய 91 என்று சொல்லும். அதை நம்பி ஒருவர் நல்ல உறுப்பைக் கழற்றி எறிவார். வாடிக்கையாளர் அதற்குக் காசு கொடுப்பார். பொய் சொன்னோம் என்ற நினைவு எவருக்கும் இராது.

மூன்று முனைகளையும் ஒன்றாக இணைத்தால் இக்கருவி தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ளும். கம்பிகளின் சிறு தடையைக் கழித்து, தன் பூச்சியத்தைச் சரிசெய்யும். ஆனால் நூறு என்பது எவ்வளவு என்று அதற்குச் சொல்ல, பெறுமானம் துல்லியமாகத் தெரிந்த வேறொரு தடையி வெளியிலிருந்து வரவேண்டும். மனிதரும் அப்படித்தான் என்று தோன்றுகிறது.

குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோருக்கான எச்சரிக்கையோடு தொடங்குகிறது. அந்த வணிகன் அறிந்தே குறைக்கிறான். கருவியைத் திருத்துபவனோ அறியாமலே, பலருடைய கைகளின் வழியாகக் குறைத்துவிடக்கூடும். அறியவில்லை என்பது போதுமான பதிலா? சில ரூபாய்த் தடையி ஒன்றை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் விடயத்தை, பார்க்காமல் விட்டவனின் அறியாமை அவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்பதே என் முடிவு.

'அந்தத் தடையியைச் சோதித்தது யார்? அவருடைய கருவியைச் சோதித்தது யார்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தச் சங்கிலியின் கடைசி முனை என் கைக்கு எட்டாது. ஆனால் அறிவிப்பாளர் தொடர் நமக்குப் புதிதல்ல. செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், யாரிடமிருந்து கேட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லும் ஒழுக்கம் அது. கேட்பவர் அதைக்கொண்டு தாமே எடைபோட்டுக்கொள்வார்.

ஆகவே திருத்திய கருவியோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்கிறேன். எதை வைத்துச் சோதித்தேன், என்ன காட்டியது, எதைச் சோதிக்கவில்லை என்று மூன்று வரிகள். 'சரியாக இருக்கிறது' என்று அதில் எழுதுவதில்லை.