பூட்டி வைத்த மலை



கடந்த செப்டம்பர் மாதம் நம்முடைய வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு மூணாறு போய்வந்ததை அறிவீர்கள். பாகாயத்தில் ராத்திரி வேன் ஏறி, விடியும்போது உடுமலைப்பேட்டை. அப்புறம் சின்னாறு காடு, மறையூர் வழியாக இரவிகுளம் தேசியப் பூங்கா. கர்த்தர் போக்கையும் வரத்தையும் காத்தார். வாந்தி எடுத்தது நான் ஒருவன்தான்!

வாக்குத்தத்த காலண்டரில் வெளிதேசத்து மலைகளைப் போட்டிருப்பார்களே, மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இலை உதிரும் காலம். அதை எதிர்பார்த்து வந்த பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றம். நம்முடைய மலைகளில் சிவப்பது உதிரப்போகிற இலை அல்ல, சோலை மரங்களின் புதுத் துளிர். குறிஞ்சியும் இல்லை. அது 2018-ல் பூத்தது, பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி இனி 2030-ல்தான். பச்சைப் புல்லும் மேகமும், எதிரே 2,695 மீட்டர் உயரத்தில் ஆனைமுடியும்தான் இருந்தது. அதுவே போதும் என்றிருந்தது எனக்கு.

சொந்த வண்டியை உள்ளே விடமாட்டார்கள். வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்குப் போய், அங்கிருந்து நடை. ஒரு வளைவில் திரும்பினால், பாறைமேல் நிற்கிறது வரையாடு! தேவபிள்ளைகளே, நம் தமிழ் வேதாகமத்தில் யோபு 39-லும் 104-ஆம் சங்கீதத்திலும் இந்தப் பெயர்தான் இருக்கிறது. பரிசுத்த தேசத்தில் உள்ளது வேறு ஜாதி மலையாடு. மொழிபெயர்த்தவர்கள் நம்முடைய மலையில் இருப்பதன் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். இதுவே நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கும்கூட.

ஆம்பூரில் டேனரி வேலை பார்க்கிற தம்பி ஒருவன் உற்றுப் பார்த்துவிட்டு, "பாஸ்டர், இதோட தோலு எத்தினி சதுர அடி வரும்?" என்று கேட்டானே பார்க்கலாம்! எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆட்டை உப்புத்தோலாகவும் வெட் ப்ளூவாகவும் எண்ணிப் பழகின ஊர்க்காரர்கள் நாம், என்ன செய்வது.

அங்கே நின்றிருந்த வனக்காவலர் தமிழிலேயே பேசினார். "பிப்ரவரி, மார்ச்சுல வந்துறாதீங்க சார், பூங்காவ மூடிருவோம். குட்டி போடுற சமயம். ஆளுங்க நடமாடுனா தாயி மிரண்டுரும்" என்றார். எல்லாக் குட்டியும் பிழைக்காதாம். சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. 97 சதுர கிலோமீட்டர் பூங்கா, 1978 முதல் தேசியப் பூங்கா. டிக்கெட் காசு போனாலும் போகட்டும் என்று, ஒரு தாய் ஆட்டுக்காக வாசலைப் பூட்டுகிறார்கள்.

எனக்குள் ஏதோ குத்தினது. பிள்ளைகள் போட்டோ எடுக்க முன்னே போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

யோபு 39-ஐ நான் எத்தனை தரம் பிரசங்கித்திருக்கிறேன்! இந்த ஆடு எப்போது குட்டி போடும் என்று உனக்குத் தெரியுமா என்று தேவன் கேட்கிறார். தேவனுடைய வல்லமை, மனுஷனுடைய அறியாமை என்று இரண்டு தலைப்புப் போட்டு முடித்துவிடுவேன். யாரிடம் கேட்டார் என்பதை யோசித்ததே இல்லை. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் சாகக்கொடுத்த தகப்பனிடம் கேட்டார். ஏழாயிரம் ஆடுகளின் ஈற்றுக்கணக்கு வைத்திருந்தவனிடம், யாருடைய கணக்கிலும் வராத காட்டு ஆட்டின் பிரசவத்தைக் காட்டினார். அங்கேயும் நான் இருக்கிறேன் என்றல்லவா சொன்னார்!

மூன்று வருஷத்துக்குமுன் நம் சபைச் சகோதரி ஒருவருக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. மறுநாளே நான் வேதத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். வாயில் வந்ததோ, "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கான்னு பாருங்கம்மா" என்பது. அதற்குப்பின் அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வரவில்லை. விசுவாசத்தில் பின்வாங்கிப்போனார்கள் என்று நானும் சொல்லித் திரிந்தேன்.

யோபின் சிநேகிதர்களாவது ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு நாள்கூட இருக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. யோபு 42 நினைவுக்கு வந்தது. அந்தச் சிநேகிதர்கள்மேல் தேவன் கோபங்கொண்டபோது, அவர்களே ஜெபித்துத் தப்பித்துக்கொள்ளும்படி விடவில்லை. யோபிடம் போகச்சொன்னார். யார் மனதைப் புண்படுத்தினார்களோ அவனே அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஊர் வந்து சேர்ந்த அன்று சாயங்காலமே போனேன். வேதத்தைக் கையில் எடுக்கவில்லை. கதவைத் திறந்த சகோதரர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். சகோதரிதான், "உள்ள வாங்க பாஸ்டர்" என்றார்கள். நான் சொன்னது தப்பு, எனக்காக ஜெபிப்பீர்களா என்று கேட்டேன். வெகுநேரம் பேச்சில்லை. நானும் பேசவில்லை. பிறகு அந்த அம்மா கண்ணை மூடி எனக்காக ஜெபித்தார்கள், இரண்டே வாக்கியம். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, குழந்தைக்குத் தாங்கள் வைத்திருந்த பெயரைச் சொன்னார்கள். மூன்று வருஷமாக அதை யாரும் கேட்கவில்லையாம்.