பெயர் எழுதாத சுவர்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் ஒரு பழைய அரண்மனை உள்ளது. போர்த்துகீசியர் 1555-ஆம் ஆண்டளவில் அதைக் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்குக் காணிக்கையாக்கினர். பின்னர் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்துப் புதுப்பித்ததால் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. கட்டியவர்களின் பெயரும் பெற்றவரின் பெயரும் வரலாற்றில் உள்ளன. புதுப்பித்தவர்களின் பெயரோ அரண்மனைக்கே வாய்த்துவிட்டது. ஆனால் இன்று மக்கள் எந்தச் சுவரோவியங்களைக் காண அங்கே வருகிறார்களோ, அவற்றைத் தீட்டியவர்களின் பெயர்கள் மட்டும் அங்கே காணப்படவில்லை.

அரசரின் பள்ளியறைச் சுவர்களில் தசரதரின் வேள்வி தொடங்கி இராம கதை விரிகிறது. செம்பாறை மண்ணிலிருந்து சிவப்பும் மஞ்சளும், இலைச்சாற்றின் துணையால் பச்சையும், எண்ணெய் விளக்கின் புகைக்கரியிலிருந்து கறுப்பும் எடுப்பது கேரள ஓவியர்களின் மரபு. சுண்ணாம்புச் சுவரே வெண்மையைத் தந்தது. உருவத்துக்கும் உருவத்துக்கும் நடுவே உள்ள சிறு இடத்தையும் அவர்கள் அலட்சியமாக விட்டுவிடவில்லை. அங்கே ஓர் இலை, ஒரு கொடி, ஒரு பறவை. இத்தனையும் ஊரார் பார்த்துப் பாராட்டும் பொதுமண்டபத்தில் அல்ல. ஒரு சிலர் மட்டுமே நுழையக்கூடிய அறையில்!

அந்தச் சுவரின் முன் நிற்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, 'இதை வரைந்தவர் யார்?' என்பது. அதற்கு விடை கிடைக்காதபோது இரண்டாவது கேள்வி பிறக்கிறது: 'என் பெயர் நிற்காது, எவரும் பாராட்டவும் மாட்டார் என்று தெரிந்தால், என் வேலையை நான் இவ்வளவு அக்கறையுடன் செய்வேனா?' ஓவியம் தரும் உண்மையான ஊக்கம் இதுதான். கலைஞனைப் பற்றி விசாரிக்க வந்தவர் தம்மையே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்.

பலனில் பற்றின்றிச் செயலாற்றுவதே கர்மயோகம் என்பர். எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அந்த ஓவியர்கள் தாங்களாகவே பெயரைத் துறந்தார்களா, அல்லது அவர்களுடைய பெயரைக் கேட்டுவைக்க எவருக்கும் தோன்றவில்லையா? சுவர் அதைச் சொல்வதில்லை. துறப்பது வேறு, பறிகொடுப்பது வேறு. முன்னது தவம், பின்னது அநீதி. இரவெல்லாம் விழித்து அறிக்கை எழுதியவர் ஒருவராகவும், அதில் கையொப்பமிட்டுப் புகழ் பெறுபவர் மேலதிகாரியாகவும் இருக்கும்போது, 'பலனை எதிர்பாராதே' என்று அந்த மேலதிகாரி உபதேசித்தால் அது ஆன்மிகமாகுமா? வீட்டில் நாள்தோறும் அடுப்படியில் நிற்பவளிடம், 'தாய்மை என்றாலே தியாகம்தானே' என்று சொல்லிவிட்டுக் கை கழுவுவதும் அத்தகையதே.

ஆகவே பற்றின்மை என்பது ஒருவர் தமக்குத்தாமே இட்டுக்கொள்ளும் கட்டளை. பிறர்மீது சுமத்தும் சட்டமன்று. உழைப்பவர் புகழை நாடாதிருக்கட்டும்; அவ்வுழைப்பின் பயனைப் பெறுபவர் நன்றி மறவாதிருக்கட்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமையும்போதுதான் அறம் முழுமை பெறுகிறது.

அரண்மனையை விட்டு வெளியே வருபவர் அந்த ஓவியர்களின் பெயரை இனி அறிய இயலாது. ஆனால் தம் வீட்டிலும் அலுவலகத்திலும் பெயர் தெரியாமல் உழைக்கும் ஒருவரின் பெயரை அன்று மாலையே கேட்டறிய இயலும். தம்முடைய வேலையில், எவர் கண்ணிலும் படாத ஒரு மூலையில், ஓர் இலையைக் கூடுதலாகத் தீட்டவும் இயலும்.